படுத்திருக்கும் நாட்களுக்கு யார் கூலி தருவது?

திருச்சியில் 16 வருடமாக வீட்டு வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். 2019 ஆகஸ்டில் உறையூர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஃபேன் மாட்ட ஏறியிருந்தேன். புது டைல்ஸ் தரை. ஏணியின் ஒரு காலில் ரப்பர் புஷ் தேய்ந்து போயிருந்தது. சறுக்கியதும் நின்றவாக்கில் தரையில் இறங்கினேன். எட்டடி உயரம்தான் இருக்கும். வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது.

பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரி, பிறகு வீடு. பில் 1,12,000 ரூபாய். முந்தைய வருடம் தெரிந்தவர் ஒருவர் வற்புறுத்தி எடுக்கவைத்த மருத்துவக் காப்பீடு இருந்ததால் 97,000 ரூபாயை கம்பெனி கட்டிவிட்டது. கையிலிருந்து போனது 15,000. “பரவாயில்லையே, தப்பிச்சோம்” என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தப்பிக்கவில்லை. அந்தக் காலை ஊன்றி ஏணியில் ஏற 14 வாரம் ஆனது. அந்த 14 வாரமும் என் கையால் செய்த வேலையில் ஒரு ரூபாய் வரும்படி கிடையாது.

அப்போது எங்கள் வீட்டுக்கு மாதம் ஆன செலவைச் சொல்கிறேன். வாடகை 7,500. மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 9,000. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை மாதக்கணக்காகப் பிரித்தால் 3,000. பைக் தவணை 3,200. சீட்டு 5,000. அம்மாவின் மருந்து 1,300. ஆகமொத்தம் 29,000 ரூபாய். 14 வாரத்துக்குப் போட்டால் சுமார் 94,000 ரூபாய். காப்பீட்டுக் கம்பெனி கட்டிய தொகையும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆஸ்பத்திரிப் பில்லை இன்னொருவர் கட்டினார். இதைக் கட்ட யாருமில்லை. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

சொந்தத் தொழில் செய்கிறவருக்கு அடிபட்டால் இப்படி இரண்டு கணக்கு உண்டு: ஆஸ்பத்திரிக் கணக்கு ஒன்று, வீட்டுக் கணக்கு ஒன்று. முதல் கணக்கைப் பற்றி ஊரே பேசுகிறது. இரண்டாவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயிண்டர், கார்பெண்டர், ஏசி மெக்கானிக், சென்டரிங் மேஸ்திரி என்று காண்ட்ராக்ட் எடுத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால், அதன் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

சம்பளக்காரருக்கு இருப்பது, நமக்கு இல்லாதது

என் மைத்துனர் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். அவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அது கட்டாயம். சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர் பங்கு, 3.25 சதவீதம் முதலாளி பங்கு. இ.எஸ்.ஐ. என்றாலே மருந்து வாங்குகிற இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்து வேலைக்குப் போக முடியாவிட்டால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கொடுப்பதும் அதே இ.எஸ்.ஐ.தான். வேலையிடத்தில் அடிபட்டால், குணமாகி வரும்வரை 90 சதவீதம்.

அந்த 70, 90 சதவீதம் என்பது மருந்துச் செலவுக்குக் கொடுப்பதல்ல. படுத்திருக்கும் நாட்களின் கூலிக்கு ஈடு. நம்மைப் போன்றவர்களுக்கு முதலாளி கிடையாது, பிடித்தம் கிடையாது, ஆகவே அந்த ஈடும் கிடையாது. அதை நாமே துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

சேர்க்கும்போது எந்தத் திட்டமானாலும், எந்தப் பாலிசியானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எது நடந்தால் பணம் தருவார்கள், விபத்துக்கா நோய்க்கா? எதற்காகத் தருவார்கள், பில்லுக்கா கூலிக்கா? எத்தனை நாளைக்குத் தருவார்கள்? ஏஜென்ட் அரை மணி நேரம் பேசினாலும் இந்த மூன்றுக்கும் பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

20 ரூபாய் காப்பீடு எதைத் தாங்கும்

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் நம்மில் பலருக்கு இருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் தானாகப் போகும். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம், இரண்டு கண்ணோ இரண்டு கையோ காலோ நிரந்தரமாகப் போனால் 2 லட்சம், ஒரு கண் அல்லது ஒரு கை அல்லது ஒரு கால் போனால் 1 லட்சம். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை ஒரு வருடக் கணக்கு. மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் திட்டம் அறுந்துவிடும், அதனால் மே மாதத்தில் கணக்கைத் துடைத்து எடுக்காதீர்கள்.

கால் உடைந்தபோது இந்தப் பணம் வருமா என்று வங்கியில் போய்க் கேட்டேன். அந்த ஊழியர் பொறுமையாக விளக்கினார்: “சார், கால் உடைஞ்சா வராது. கால் போனாத்தான் வரும்.” விதியே அப்படித்தான். உடைந்து கூடுகிற எலும்புக்கு அதில் இடமில்லை.

வருடம் 436 ரூபாய் ஜீவன் ஜோதி திட்டமும் (18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும்) இறப்புக்கு மட்டும் 2 லட்சம் தருவது. பைக் இன்சூரன்ஸோடு வரும் ‘ஓனர் டிரைவர்’ விபத்துக் காப்பீடு 15 லட்சம், அதுவும் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான்; லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும். இவை எல்லாமே வேண்டும். நாம் இல்லாமல் போனால் வீட்டுக்கு ஒரு கைப்பிடி. ஆனால் நம் தொழிலில் அடிக்கடி நடப்பது மணிக்கட்டு உடைவது, தோள் இறங்குவது, கட்டிங் மெஷினில் விரல் கிழிவது, கண்ணில் சிமெண்ட் தெறிப்பது. இரண்டு மாதம், மூன்று மாதம் படுக்க வைத்துவிட்டு ஆளைத் திருப்பித் தந்துவிடும் அடிகள் இவை.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1994-ல் தொடங்கிய வாரியம். கொத்தனார், சித்தாள் மட்டுமல்ல, எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயிண்டர், தச்சர், வெல்டர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. 18 முதல் 60 வயதுக்குள் இலவசமாகப் பதியலாம். வேலையிடத்து விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை, ஊனத்துக்கு உதவி, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று நிறைய இருக்கிறது. “நான் காண்ட்ராக்டர், கூலியாள் இல்லை” என்று கௌரவம் பார்த்துப் பதியாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஏணியில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் தொழிலாளிதான், தயவுசெய்து பதியுங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியையும் எழுதி வையுங்கள்.

கூலிக்கு ஈடு தரும் காப்பீடு

இனி நான் 2019-ல் கேள்விகூடப் பட்டிராத விஷயத்துக்கு வருகிறேன். தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வகை பாலிசி உண்டு. ‘பர்சனல் ஆக்சிடெண்ட்’ என்று கேட்டால் தெரியும். அதில் நான்கு பகுதி இருக்கும்: இறப்பு, நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம், நான்காவதாகத் தற்காலிக முழு இயலாமை. இந்த நான்காவதை ஏஜென்டுகள் ‘டிடிடி’ என்றோ ‘வீக்லி பெனிஃபிட்’ என்றோ சொல்வார்கள். விபத்தில் அடிபட்டு எந்த வேலையும் செய்ய முடியாமல் இருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தொகை. ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் மாவுக்கட்டோடு கிடந்தாலும் உண்டு. எனக்கு அந்த 14 வாரம் தேவைப்பட்டது இதுதான்.

2021 ஏப்ரலிலிருந்து ‘சரல் சுரக்ஷா பீமா’ என்ற பெயரில் ஒரே மாதிரி விபத்துப் பாலிசியை எல்லா கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. இரண்டரை லட்சத்திலிருந்து 1 கோடி வரை எடுக்கலாம். அதில் டிடிடி என்பது கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கிற பகுதி. கேட்டு வாங்காவிட்டால் இருக்காது. சேர்த்தால் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம் வாரா வாரம், 100 வாரம் வரை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால் வாரம் 2,000 ரூபாய். 14 வாரத்துக்கு 28,000. எங்கள் வீட்டுச் செலவோ வாரத்துக்குச் சுமார் 6,700. அது முழுக்க வர வேண்டுமானால் 33.5 லட்சத்துக்கு எடுத்திருக்க வேண்டும். கம்பெனிகள் தாங்களாக வடிவமைத்து விற்கும் வேறு விபத்துப் பாலிசிகளில் வாரத்துக்கு 1 சதவீதம் என்று இருப்பதுண்டு, ஆனால் ‘வாரத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு’ என்று ஒரு வரம்பையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். சதவீதத்தைப் பார்க்காதீர்கள். “எனக்கு வாரம் எத்தனை ரூபாய் வரும்? எத்தனையாவது நாளிலிருந்து வரும்?” என்று கேட்டு, பதிலைப் பாலிசிப் புத்தகத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தொழிலை மறைக்காதீர்கள். இந்தக் காப்பீட்டில் தொழிலுக்கு வகுப்பு உண்டு. மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் கட்டணம் குறைவு, கைவேலைக்கும் மெக்கானிக்குக்கும் அதைவிடக் கூடுதல், ஹைடென்ஷன் லைனில் வேலை செய்பவருக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதல். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ‘பிசினஸ்’ என்று மட்டும் எழுதி முடிக்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அந்த ஒரு சொல்லே கிளெய்மைத் தடுக்கும். “சார், நான் ஏணியில ஏறி வயரிங் செய்யறவன், அப்படியே எழுதுங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெரிய தொகைக்குக் கேட்டால் வருமானச் சான்று கேட்பார்கள். அங்கேதான் நம்மில் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறோம். வருடம் 6 லட்சம் புரட்டுகிறவருக்கும் காகிதத்தில் ஒரு வரி கிடையாது. சின்னத் தொழில் செய்பவர்களுக்கு வருமான வரிச் சட்டத்தில் எளிய வழி இருக்கிறது: மொத்த வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாகவும் யுபிஐ வழியாகவும் வந்த பகுதிக்கு 6 சதவீதத்தை, குறைந்தபட்ச லாபமாகக் கணக்குக் காட்டி ஐடிஆர்-4 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யலாம். உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதையே காட்டுங்கள். வரி கட்டவேண்டியது வராவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அந்த ஒரு காகிதம் காப்பீட்டுக்கும் உதவும், வங்கிக் கடனுக்கும் உதவும். சாலை விபத்தில் இன்னொருவர் வண்டி மோதி நீங்கள் படுத்துவிட்டால், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் “உன் வருமானம் என்ன?” என்ற கேள்விக்கும் அதுதான் பதில். சொந்தத் தொழில் செய்பவருக்கும் எதிர்கால வருமான உயர்வைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. 40 வயதுக்குக் கீழ் என்றால் 40 சதவீதம். அடிப்படை வருமானத்துக்கே சான்று இல்லாவிட்டால், தீர்ப்பாயம் தானாக ஒரு கூலியை நிர்ணயித்து அதன்மேல்தான் சதவீதம் போடும்.

அடிபட்ட முதல் வாரத்தில்

காகிதம் சேர்க்கிற நேரம் இது. வலியில் யாருக்கும் தோன்றாது, ஆகவே கூட வருகிறவர் செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் “எப்படி அடிபட்டது?” என்று கேட்டு எழுதுவார்கள். அதற்கு ஏ.ஆர். என்று பெயர், விபத்துப் பதிவேடு. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வீட்டுக்காரருக்குச் சங்கடம் வேண்டாம் என்று “பாத்ரூமில் வழுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, பிறகு வேலையிடத்தில் விழுந்ததாகக் கிளெய்ம் போட்டால் நிற்காது. ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, பில்கள் எல்லாம் ஒரு கவரில். டாக்டரிடம் ‘இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை வேலைக்குப் போகக் கூடாது’ என்று எழுதி வாங்குங்கள். டிடிடி பணத்துக்கு உயிர்நாடி அந்தச் சான்றிதழ்தான். சாலை விபத்தென்றால் எஃப்.ஐ.ஆர். நகலும் வேண்டும்.

எலும்பு முறிவு என்றதும் புத்தூர் கட்டுக்கு ஓடுவது நம் பக்கத்து வழக்கம். எங்கள் அப்பாவும் கட்டிக்கொண்டவர்தான். எங்கே வைத்தியம் பார்ப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால் காப்பீட்டுக் கம்பெனி பதிவு பெற்ற மருத்துவரின் சான்றையும் எக்ஸ்ரேயையும்தான் ஏற்கும். எங்கே போவதானாலும் முதலில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

சாலை விபத்தாக இருந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் அந்த 48 மணி நேரத்துக்கு, திட்ட வரம்புக்குள், பணம் வாங்க மாட்டார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேட்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கணக்கைப் பொறுத்தவரை வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அந்த வரம்பைத் தாண்டியவர் சொந்தமாகப் பாலிசி எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று குழம்பினால் எல்லா கம்பெனியிலும் ஒரே விதிகளோடு கிடைக்கும் ‘ஆரோக்ய சஞ்சீவனி’யில் தொடங்கலாம், கிளெய்ம் தொகையில் 5 சதவீதம் நம் பங்கு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

விபத்து இல்லாமல் நோய் வந்தால்

உண்மையைச் சொல்லியாக வேண்டும். நோயில் படுக்கும் நாட்களுக்குக் கூலி ஈடு தரும் காப்பீடு நம் நாட்டில் நம்மைப் போன்றவர்களுக்கு ஏறத்தாழ இல்லை. டிடிடி விபத்துக்கு மட்டும்தான். மஞ்சள் காமாலை, முதுகுத்தண்டு டிஸ்க், ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு கனம் தூக்கக் கூடாத இரண்டு மாதம் எதற்கும் அதில் இடமில்லை.

கிட்ட வருவது இரண்டு. ‘ஹாஸ்பிட்டல் கேஷ்’ பாலிசி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000, 2,000 என்று தரும். வீட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். ‘கிரிட்டிக்கல் இல்னஸ்’ பாலிசி, புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு மாதிரி பட்டியலில் உள்ள பெரிய நோய் உறுதியானால் மொத்தமாக ஒரு தொகை தரும். அதை மருந்துக்கும் வைத்துக்கொள்ளலாம், வீட்டு வாடகைக்கும் வைத்துக்கொள்ளலாம். 40 வயதைத் தொடுகிறவர், குடும்பத்தில் ஒரே வரும்படிக்காரர் என்றால் இரண்டாவதைப் பற்றி விசாரியுங்கள்.

காசநோய்க்கு மட்டும் அரசே மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்கென்று வங்கியில் போடுகிறது, சிகிச்சை முடியும்வரை. தூசியில் நின்று சுவரில் காடி வெட்டுகிறவர்கள் இருமலை அலட்சியம் செய்யாமல் இருக்க இதையும் சொல்லி வைக்கிறேன்.

பெரும்பாலான நோய்க்கு மிச்சமிருப்பது நம் கையிருப்புதான்.

கையிருப்பு என்றதும் “மாசம் சேர்த்து வை” என்று எல்லோரும் சொல்வார்கள். நமக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒரு மாதம் 60,000 வரும், ஒரு மாதம் 8,000 வரும். அதனால் நான் மாதக்கணக்கை விட்டுவிட்டுப் பாயிண்ட் கணக்கில் சேர்க்கிறேன். ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக் என்று ஒவ்வொரு இணைப்பும் ஒரு பாயிண்ட்; வயரிங்கில் கூலி பேசுவதே பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்றுதானே. ஒரு பாயிண்ட்டுக்கு 20 ரூபாய் ஒதுக்குகிறேன். 120 பாயிண்ட் உள்ள வீட்டை முடித்தால் 2,400 ரூபாய் தனிக் கணக்குக்குப் போகும். வேலை இல்லாத மாதத்தில் ஒதுக்கவும் வேண்டாம், மனசு உறுத்தவும் வேண்டாம். பெயிண்டர் சதுர அடிக்கு, பிளம்பர் ஃபிட்டிங்குக்கு என்று அவரவர் அளவில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டும் யுபிஐயும் வைக்காதீர்கள்.

இந்த 20 ரூபாய் நம் லாபத்திலிருந்து எடுப்பதென்று நினைக்க வேண்டாம். ரேட்டிலேயே அது இருக்க வேண்டும். வருடத்தில் 280 நாள் வேலை, அதில் உடம்பு சரியில்லாமல் 15 நாள் போகும் என்று வைத்துக்கொள்வோம். 280 நாள் சம்பாத்தியத்தை 265 நாளில் எடுக்க வேண்டும். நாள் கூலி 1,200 என்றால் அது 1,268 ஆக வேண்டும். சம்பளக்காரருக்கு லீவு நாளுக்கும் முதலாளி காசு கொடுக்கிறார். நமக்கு வாடிக்கையாளர்தான் முதலாளி. அந்த 68 ரூபாயைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

எவ்வளவு சேர்க்க வேண்டும்? மூன்று மாத வீட்டுச் செலவு என் இலக்கு. அது பெரிதாகத் தெரிந்தால் முதலில் ஒரு மாதச் செலவு. சீட்டை இதில் சேர்க்காதீர்கள். அவசரத்துக்கு எடுக்கப் போனால் தள்ளிக் கேட்டு எடுக்க வேண்டும், எடுத்த பிறகும் மாதா மாதம் கட்ட வேண்டும். படுத்திருக்கும்போது கட்ட வேண்டிய கடனாகவே அது நிற்கும். எனக்கு அப்படித்தான் நின்றது.

கையில் ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டால்

முதல் வேலை, தவணை தவறுவதற்கு முன் வங்கிக்கோ ஃபைனான்ஸுக்கோ போன் செய்வது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய்த் தேதி தள்ளிக் கேளுங்கள். தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் அது வாராக் கடன் கணக்குக்குப் போய்விடும். அதற்கு முன் பேசினால்தான் அவர்களுக்கும் வழி இருக்கும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். வீட்டுப் பெண்கள் மகளிர் குழுவில் இருந்தால் அங்கே கேளுங்கள். “மூணு வட்டிதான்” என்று சொல்லித் தருகிறவர் மாதத்துக்குச் சொல்கிறார். 1 லட்சத்துக்கு மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. பத்து வட்டி என்றால் வருடத்தில் வட்டியே அசலைத் தாண்டிவிடும். வங்கிக்காரர் சொல்லும் சதவீதம் வருடத்துக்கு. படுத்த படுக்கையில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும், அதனால்தான் எழுதிக் காட்டுகிறேன்.

பிசியோதெரபிக்கு நான் ஒரு தடவைக்கு 300 ரூபாய் வீதம் 20 தடவை கொடுத்தேன், ஆட்டோச் செலவு தனி. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகச் செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பிறகு, கையிலிருக்கும் வேலை. நான் விழுந்தபோது இரண்டு வீடு பாதியில் நின்றது. ஒன்றில் 40,000 அட்வான்ஸ் வாங்கி, பைப்பும் வயரும் எடுத்துவிட்டேன். ஒரு வாரம் போனை எடுக்காமல் இருந்தேன், என்ன சொல்வதென்று தெரியாமல். அது தப்பு. எட்டாவது நாள் கே.கே. நகரில் இதே வேலை செய்யும் ஒரு அண்ணன் பார்க்க வந்தார். “தம்பி, உன் ரெண்டு சைட்டையும் நான் பார்க்கிறேன். பாயிண்ட்டுக்கு இவ்வளவு உனக்கு, மிச்சம் எனக்கு. பார்ட்டிகிட்ட நீயே பேசிடு” என்றார். பேசினேன். இரண்டு வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பங்கில் 14 வாரத்தில் எனக்கு 17,000 ரூபாய் வந்தது. இப்போது நாங்கள் நான்கு பேர் இதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு நோட்டில் எழுதியே வைத்திருக்கிறோம்: யார் படுத்தாலும் மற்றவர் சைட்டை முடிக்க வேண்டும், பாயிண்ட் கூலியில் கால் பங்கு படுத்தவருக்கு, வாடிக்கையாளர் படுத்தவருக்கே சொந்தம்.

நம் ஹெல்பரையும் மறக்கக் கூடாது. நாம் கூலி கொடுத்து வைத்திருக்கும் பையன் நம் சைட்டில் விழுந்தால், அவனுக்கு முதலாளி நாம். வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லேயே வந்த சட்டம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. அவனுக்கு வாரியப் பதிவும் அந்த 20 ரூபாய்த் திட்டமும் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இரண்டு ஹெல்பருக்கு மேல் வைத்திருப்பவர் அவர்களுக்கான இழப்பீட்டுப் பாலிசியையும் விசாரிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பீரோ கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 2019-ல் என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துவிட்டு பாலிசிக் காகிதத்தைத் தேடி என் மனைவி வீட்டுக்கு ஓடினாள். பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே அது கிடைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. தாளில் இப்போது இருப்பவை: மருத்துவ பாலிசி எண்ணும் கம்பெனியின் இலவசத் தொலைபேசி எண்ணும். விபத்து பாலிசி எண், வாரம் எவ்வளவு வரும் என்ற தொகை. வாரிய அட்டை எண், புதுப்பிக்க வேண்டிய மாதம். 20 ரூபாய் பிடிக்கும் வங்கிக் கணக்கு. நாமினி யார் என்பது. தனிக் கணக்கில் இருக்கும் பணம், பென்சிலில், ஒவ்வொரு வீடு முடிந்ததும் அழித்து எழுதுவதற்காக. கடைசியில் அந்த அண்ணனின் போன் நம்பர், பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்தில்: ‘முதலில் இவரைக் கூப்பிடவும்.’